நிஷ் 1914: லாப்செவிச்சின் எதிர்வாக்கு கொள்கையா, வெறும் சடங்கா?

மணல்மேடு:
செர்பிய சோசலிஸ்ட் தலைவர் திராகிஷா லாப்செவிச்சை (1867-ல் உஜிட்சேயில் பிறந்து தானே படித்துத் தேறியவர்) முதல் உலகப் போரை எதிர்த்த மாவீரர் என்று தூக்கிவைப்பது மிகை. 1912 தேர்தலில் செர்பிய சமூக ஜனநாயகக் கட்சிக்குக் கிடைத்தது 2 இடம்: இவரும் திரிஷா கட்ஸ்லெரோவிச்சும். போர் தொடங்கியதும் நிஷ் நகரில் கூடிய செர்பிய நாடாளுமன்றப் பேரவையில் இந்த இருவர் போர்ச் செலவை எதிர்த்ததால் எது நின்றது? தோற்பது உறுதி என்றால் யாரும் கொள்கை பேசலாம்.

கணக்கன்:
2 இடம் ஏன் என்பதையும் சொல்லுங்கள். 1903 அரசியல் சட்டப்படி வாக்குரிமைக்கு ஆண்டுக்கு 15 தினார் நேரடி வரி கட்ட வேண்டும். கூலித் தொழிலாளி பலர் அங்கேயே கழிந்துபோனார்கள். நாடோ விவசாய நாடு.

வாக்கு மலிவா? ஜெர்மனியில் 110 இடம் வைத்திருந்த சமூக ஜனநாயகக் கட்சி 1914 ஆகஸ்ட் 4-ல் போர்ச் செலவை ஒட்டுமொத்தமாக ஆதரித்தது. பின்னாளில் போர் எதிர்ப்பாளராகப் பேர்பெற்ற அக்கட்சி உறுப்பினர் லீப்னெக்ட்டும் அன்று கட்சிக் கட்டுப்பாட்டுக்குப் பணிந்தார். தனியாக எதிர்த்தது டிசம்பர் 2-ல்தான். செர்பியாவிலோ தலைநகர் பெல்கிரேட் மேல் குண்டு விழுந்துகொண்டிருந்தது.

மணல்மேடு:
குண்டு விழுந்ததுதான் என் வாதமும். ஆஸ்திரியா-ஹங்கேரியால் தாக்கப்பட்ட நாடு செர்பியா. தற்காப்புரிமை சம்பிரதாயப்படி யாருக்காவது உண்டென்றால் அது செர்பியாவுக்குத்தான் என்று ஜெர்மன் சோசலிஸ்ட் ரோசா லுக்சம்பர்க்கே போரை எதிர்த்து எழுதிய ஜூனியஸ் பிரசுரத்தில் ஒத்துக்கொள்கிறார்.

கணக்கன்:
பாதியில் நிறுத்திவிட்டீர்களே. அதற்கு அப்புறம்தான் இந்த இருவரையும் பேர் சொல்லிப் பாராட்டுகிறார், போரின் உண்மைக் காரணத்தைப் புரிந்துகொண்டவர்கள் என்று. யார் முதலில் சுட்டது என்பதல்ல அவர்கள் கேள்வி. 1910 ஜனவரியில் பெல்கிரேடில் நடந்த பால்கன் சோசலிஸ்ட் மாநாட்டிலிருந்தே நிலைப்பாடு ஒன்றுதான்: பால்கன் நாடுகளின் கூட்டாட்சி. 1912-13-ல் கொசோவோவையும் மாசிடோனியாவையும் செர்பியா பிடித்தபோதும் அதையேதான் பேசினார்கள். 1914 டிசம்பர் 7 நிஷ் பிரகடனத்தில் அரசே போர் இலக்கை செர்பியர், குரோவாசியர், ஸ்லோவேனியர் விடுதலை, இணைப்பு என்று விரித்துவிட்டது. நாலே மாசத்தில் தற்காப்பு எங்கே போனது?

மணல்மேடு:
விடுதலையையும் நாடுபிடிப்பையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள். அதோடு, அதே கட்சியின் தலைவர்களில் ஒருவரான துட்சோவிச் பேரவையில் எதிர்த்துவிட்டு ராணுவத்தில் போய்ச் சேர்ந்தாரே!

ஏட்டுச்சுவடி:
இந்தக் குழப்பம் அடிக்கடி வருகிறது. திமித்ரியே துட்சோவிச் அப்போது பேரவை உறுப்பினரே இல்லை. அணிதிரட்டலில் அழைக்கப்பட்ட அதிகாரி. 1914 நவம்பர் 20-ல் லாசரெவாட்ஸ் அருகே களத்தில் இறந்தார்.

இன்னொன்று: லாப்செவிச் பேசியதற்கு அவரே 1925-ல் போரும் செர்பிய சமூக ஜனநாயகமும் பற்றி எழுதிய புத்தகத்தை மட்டும் நம்பினால் கால் வழுக்கும். கட்சி உடைந்த பிறகு எழுதியது, தன் பக்கத்தைக் கட்டிக்காக்கும் நோக்கம் இருக்கும். முதலில் பேரவைக் குறிப்பு, பிறகு கட்சி ஏடான ராத்னிச்கே நோவினே இதழின் அந்த நாள் பதிப்பு, கடைசியில் புத்தகம். இந்த வரிசையில் ஒப்பிடுங்கள்.

மணல்மேடு:
உடைவு என்றதும் ஞாபகம். 1920 ஜூனில் வுகோவர் மாநாட்டில் கட்சி கம்யூனிஸ்ட் பெயரெடுத்ததும் புரட்சிப் பாதையை ஏற்காத மையவாதிகளோடு நின்று, கடைசியில் வெளியே போனவர் இவர். கூடவே வாக்களித்த கட்ஸ்லெரோவிச் உள்ளேயே இருந்தார். புரட்சி வந்ததும் பின்வாங்கினார் என்று ஏன் சொல்லக்கூடாது?

கணக்கன்:
வெளியேற்றம் டிசம்பரில். நவம்பர் தேர்தலில் கம்யூனிஸ்டுகள் 58 இடம் பிடித்திருந்தார்கள். டிசம்பர் கடைசியில் அரசு ஒப்ஸ்னானா என்ற கம்யூனிஸ்ட் தடை ஆணை போட்டு அவர்கள் வேலையை முடக்கியது. இதில் பின்வாங்கல் எது, முன்கணிப்பு எது என்பதற்குத் தனி இழை போடுங்கள். ஆனால் 1920-ஐ வைத்து 1914 வாக்கை அளக்காதீர்கள்.

ஏட்டுச்சுவடி:
அந்த இழையில் 1922-ல் அவர் எழுதிய செர்பிய சோசலிச வரலாற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வாக்கைப் பற்றி மட்டும் பேசினால் எழுத்தாளர் லாப்செவிச் காணாமல் போய்விடுவார்.