மீன்பிடி தடைக்காலத்துல ரெண்டு பேர் மட்டும் மலைக்கு போகணும், மே மாசம் கூட்டம் இல்லாத இடம் எது?

தங்கச்சிமட_மருமக:
எல்லாருக்கும் வணக்கம். கல்யாணமாகி ஒரு வருஷம் ஆகப்போகுது, இன்னும் நாங்க ரெண்டு பேரும் தனியா வெளியூர் போய் ஒரு ராத்திரி தங்குனதில்ல. இவுக விசைப்படகுல போறவுக, திங்க புதன் சனி கடலு, மத்த நாள் வலை வேலையும் தூக்கமுமா போயிரும். ஏப்ரல் 15ல இருந்து ஜூன் 14 வரைக்கும் தடைக்காலம் அப்பதான் லீவு, ஆனா அதுலயும் ஆரம்பத்துல போட்டை கரை ஏத்தி மராமத்து, கடைசில பெயின்ட் அடிச்சு எறக்கணும், நடுவுல மே மாசம்தான் எங்க கையில இருக்கு. மே மாசம்னா கொடைக்கானல்ல கால் வைக்க எடமிருக்காதுனு எல்லாரும் பயமுறுத்துறாங்க. இவுக பைக்லயே போயிருவோம்ங்குறாக, எனக்கு பஸ்தான் சரினு படுது. ஆனா பஸ்ல இன்னொரு சிக்கல், கடல்ல எவ்வளவு அலை அடிச்சாலும் அசையாத மனுசன் மலை ரோட்டுல நாலு வளைவு திரும்புனா வாந்தி எடுத்துருவாக (நான் சொன்னேன்னு தெரிஞ்சா தொலைஞ்சேன்). தடைக்காலத்துக்கு கவர்மென்ட் நிவாரணம் 8,000 வரும், கூட கொஞ்சம் சேத்து வச்சிருக்கேன், அதுக்குள்ள முடியணும். ரெண்டு ராத்திரி, குளிரணும், சத்தம் இருக்கக்கூடாது, அவ்வளவுதான். எங்க போகலாம்?

பரமக்குடி_பைக்கர்:
சிஸ்டர் உங்க வீட்டுக்காரர் சொல்றதுல தப்பே இல்ல, பைக்ல போற சுகமே தனி. ஆனா ராம்நாட்டுல இருந்து மதுரை 110 கிலோமீட்டருக்கு மேல, அதுல பரமக்குடி வரைக்கும் இன்னும் ரெண்டு வழி ரோடுதான், லாரியும் ராமேஸ்வரம் டூரிஸ்ட் வேனும் நேரா மூஞ்சிக்கு வருவான், அதுக்கப்பறம்தான் நாலு வழி. மதுரைல இருந்து வத்தலக்குண்டு வழியா கொடைக்கானல் இன்னொரு 120. மே மாச வெயில்ல பின்னாடி உக்காந்து வர்ற உங்களுக்குத்தான் கஷ்டம். போறதா இருந்தா விடியக்காலம் 4 மணிக்கு கெளம்பி வெயிலுக்கு முன்னாடி மதுரைய தாண்டிருங்க. இறங்கும்போது நியூட்ரல் போட்டு பெட்ரோல் மிச்சம் பிடிக்கிறேன்னு மட்டும் விடாதீங்க, எந்த கியர்ல ஏறுனாரோ அந்த கியர்லயே இறங்கச் சொல்லுங்க, பிரேக்கையே புடிச்சுக்கிட்டு வந்தா சூடாகி கடைசில பிடிக்காது.

கீழக்கரை_அக்கா:
பைக்லாம் வேணாம்மா. ராமநாதபுரத்துல பஸ் ஏறுனா மாட்டுத்தாவணில விடுவான், கொடைக்கானல் பஸ் அங்க தேடாத, ஆரப்பாளையத்துல நிக்கும், நடுவுல டவுன் பஸ் புடிக்கணும். இது தெரியாம மாட்டுத்தாவணிலயே காத்துக் கெடக்குற ஜோடி நெறைய. இன்னொரு நல்ல விஷயம், 2024 மே 7ல இருந்து ஹைகோர்ட் உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் போக நெட்ல எடுக்குற அனுமதிச்சீட்டு, இ பாஸ் வேணும்ல, அது சொந்த வண்டி வாடகை வண்டிக்குத்தான், கவர்மென்ட் பஸ்ல போனா வேணாம். 2025 சீசன்ல கொடைக்கானலுக்கு சாதாரண நாள்ல 4,000 வண்டி, சனி ஞாயிறு 6,000 வண்டினு கணக்கு வச்சாங்க, அதுக்கே அந்த கூட்டம். அதனால செவ்வா புதன் மாதிரி நாள் பாத்து போ.

வாந்திக்கு ஒண்ணு சொல்றேன், போட்ல உன் வீட்டுக்காரர் வெளிய நின்னு கடலோட ஓரத்தை பாத்துக்கிட்டே போறாரு, கண்ணு பாக்குறதும் உடம்பு ஆடுறதும் ஒத்துப்போகுது. பஸ்ல நடு சீட்ல உக்காந்து போனை நோண்டுனா கண்ணு ஒண்ணு சொல்லும் காது ஒண்ணு சொல்லும், அதான் பொரட்டுது. டிரைவருக்கு பின்னாடி முன் சீட்ல உக்கார வச்சு ரோட்டை பாக்கச் சொல்லு, போன் வேணாம். வயித்தை நெறைக்காம ரெண்டு இட்லியோட ஏறட்டும். மாத்திரை போடுறதா இருந்தா டாக்டர்ட்ட கேட்டு மலை ஏறுறதுக்கு முன்னாடியே போடணும், பொரட்ட ஆரம்பிச்ச பிறகு போட்டு பிரயோஜனம் இல்ல.

வத்தலக்குண்டு_வாசி:
எங்க ஊர் வழியாத்தான் எல்லாரும் மேல போறீங்க, அதனால நான் சொல்றேன். மே மாசம் பிரையன்ட் பார்க்ல மலர் கண்காட்சி நடக்குற வாரம் பெருமாள்மலைல இருந்து வெள்ளி நீர்வீழ்ச்சி வரைக்கும் வண்டி நகராது, அங்க இருந்து டவுன் எட்டு கிலோமீட்டர்தான் ஆனா எறங்கி நடந்தா சீக்கிரம் போயிரலாம்ங்குற மாதிரி இருக்கும். ஏரியைச் சுத்தி சைக்கிள், குதிரை, மக்காச்சோளம், ஹாரன் சத்தம். சத்தம் வேணாம்ங்குறவங்க எதுக்கு அங்க போகணும்?

தாண்டிக்குடி போங்க. வத்தலக்குண்டுல இருந்து பட்டிவீரன்பட்டி வழியா ஏறுனா தடியன்குடிசை தாண்டி வரும், வழி பூரா காப்பித் தோட்டம், மிளகுக்கொடி, மலைவாழை. காப்பி ஆராய்ச்சி நிலையமே அங்க இருக்கு. பழனி பஞ்சாமிர்தத்துல போடுற விருப்பாச்சி வாழையெல்லாம் இந்த மலைப்பக்கத்து சரக்குதான். மேல பாலமுருகன் கோயில் இருக்கு, சாயங்காலம் அங்க நின்னா கீழ சமவெளி முழுசும் தெரியும். கொடைக்கானல் ஏழாயிரம் அடி, தாண்டிக்குடி அதை விட ரொம்ப கீழ, அதனால நடுங்குற குளிர் எதிர்பாக்காதீங்க, ராத்திரி ஃபேன் இல்லாம போர்வையோட தூங்கலாம், கடக்கரை வேக்காட்டுல இருந்து வர்றவங்களுக்கு அதுவே போதும். தோட்டத்துக்குள்ள வீடு வாடகைக்கு விடுறாங்க, சாப்பாடும் அவங்களே பண்ணித் தருவாங்க, முன்னாடியே சொல்லிருங்க ஏன்னா கண்ட நேரத்துல போய் நின்னா ஹோட்டல் கெடையாது. பஸ் கம்மி, இருட்டுறதுக்கு முன்னாடி ஏறிருங்க.

பாம்பன்_காத்து:
தாண்டிக்குடில ஒண்ணுமே இல்ல பாஸ், போர் அடிக்கும். புதுசா கல்யாணமானவங்கள காப்பிச்செடிய பாக்கவா அனுப்புறீங்க? மேகமலை போங்க, சின்னமனூர்ல இருந்து ஏறணும், 18 வளைவு, ஒவ்வொண்ணுக்கும் ஒரு பூ பேரு. மேல டீ எஸ்டேட்டும் டேம் தண்ணியும்தான், ஏஐ போட்டோ மாதிரி இருக்கும்.

வத்தலக்குண்டு_வாசி:
மேகமலை அழகுதான், மறுக்கல. ஆனா அது 2021லயே புலிகள் காப்பகம் ஆயிருச்சு, செக்போஸ்ட்ல சாயங்காலத்துக்கு மேல விடமாட்டாங்க, தங்குறதுக்கு ரூம் ரொம்ப கம்மி, இவங்க தங்கச்சிமடத்துல இருந்து மதுரை தேனி சின்னமனூர்னு பஸ் மாறி மாறி வந்து சேர்றதுக்குள்ள கேட்டை சாத்திருவான். காரு இருக்கவங்களுக்கு சரி. போர் அடிக்குறதுதான சார் அவங்க கேக்குறது?

கீழக்கரை_அக்கா:
அதானே. ரூம் எதுவா இருந்தாலும் ஒண்ணு கவனி, நெட்ல கெடச்ச நம்பருக்கு முழுப்பணம் அனுப்பாத. போட்டோல அருவி தெரியும், அங்க போனா அப்படி ஒரு வீடே இருக்காது. வீடியோ கால்ல ரூமை காட்டச் சொல்லு, பாத்ரூம்ல சுடுதண்ணி எத்தன மணிக்கு வரும்னு கேளு, நெசமா வீடு வச்சிருக்கவன் உடனே சொல்லுவான். கொடைக்கானல் பக்கம் சின்ன பிளாஸ்டிக் தண்ணி பாட்டில் தடை, ஒண்ணுக்கு 20 ரூவா வரி போடுறாங்க, எவர்சில்வர் பாட்டில் எடுத்துக்க. அப்பறம் பாசத்துல கருவாடு கட்டிக்கிட்டு போயிராத, பஸ் முழுக்க உன்னைத்தான் பாக்கும்.

தங்கச்சிமட_மருமக:
அக்கா கருவாடு நிஜமாவே எடுத்து வச்சிருந்தேன் 😂 வீட்டுக்காரம்மாவுக்கு குடுக்கலாம்னு. தாண்டிக்குடினே முடிவு பண்ணிட்டோம், இவுகளும் சரினுட்டாக, மூணாவது நாள் காலைல மட்டும் பண்ணைக்காடு வழியா கொடைக்கானல் மெயின் ரோட்டுல இருக்க ஊத்துங்குற ஊருக்கு வந்து கொடைக்கானல் பஸ் புடிச்சு ஒரு ரவுண்டு பாத்துட்டு அப்படியே மதுரை எறங்கலாம்ங்குறாக, நடக்குமா? இன்னொண்ணு, எங்க அத்தை நேத்துல இருந்து நானும் பழனி முருகனை பாத்து ரொம்ப நாளாச்சுனு சொல்லிக்கிட்டே இருக்காங்க...

வத்தலக்குண்டு_வாசி:
நடக்கும், ஆனா ஊத்துல நிக்குற பஸ்ல சீட் கெடைக்காது, உங்க வீட்டுக்காரர் நின்னுக்கிட்டு வளைவு ஏறணும். அன்னைக்கு கொடைக்கானலை விட்ருங்க, தாண்டிக்குடில இருந்தே வத்தலக்குண்டு எறங்கிருங்க. மழைக்காலம் முடிஞ்சு ஜனவரில பூம்பாறை மன்னவனூர் பக்கம் வந்தா பூண்டு வயலும் ஆட்டுப்பண்ணையும் கூட்டமில்லாம பாக்கலாம்.

கீழக்கரை_அக்கா:
அத்தையை தைப்பூசத்துக்கு கூட்டிட்டுப் போறேன்னு இப்பவே சொல்லிரு. உன் வீட்டுக்காரரை சொல்லச் சொல்லு, நீ சொல்லாத.