அப்பா தையல் மிஷினைத் தொடுவதில்லை: வயதா, மறதியா, மனச்சோர்வா?

கயல், கோயம்புத்தூர் (கேள்வி)

அப்பாவுக்கு வயது 63. திருமங்கலத்தில் வீட்டு முன்னறையிலேயே தையல் கடை வைத்திருக்கிறார். ஆண்கள் சட்டை, பேன்ட் மட்டும். ரெடிமேட் வந்து கூட்டத்தைப் பாதியாக்கிவிட்டாலும் பழைய வாடிக்கையாளர்கள் அவரை விடவில்லை. சர்க்கரைக்குப் பல வருடங்களாக மெட்பார்மின் சாப்பிடுகிறார். குடி, புகை எதுவும் கிடையாது. அம்மா உடன் இருக்கிறார். தம்பி ஓசூரில், நான் கோவையில்.

பொங்கல் முடிந்ததிலிருந்து ஆள் மாறிவிட்டார். அழுதாலோ புலம்பினாலோ எனக்கே புரிந்திருக்கும். அப்படி ஒன்றுமே இல்லை. "என்னப்பா?" என்றால் "எனக்கென்ன, நன்றாகத்தானே இருக்கிறேன்" என்கிறார். முன்பெல்லாம் கடை திறந்ததும் மிஷினுக்கு எண்ணெய் விட்டு, கழிவுத் துணியில் ஒரு கோடு ஓட்டிப் பார்த்துவிட்டுத்தான் வேலையை ஆரம்பிப்பார். இப்போது கடையைத் திறக்கிறார், ஸ்டூலில் உட்கார்கிறார், தெருவைப் பார்க்கிறார். போன வாரம் ஊருக்குப் போனபோது வெட்டும் மேசையில் ஒரு பேன்ட் துணி விரித்தபடி கிடந்தது. சாக்பீஸ் கோடு இடுப்பிலிருந்து கிளம்பி முழங்காலோடு நின்றிருந்தது. எப்போது போட்டது என்று கேட்டால், "மாசி பிறப்பதற்கு முன்பு" என்கிறார் அம்மா.

விடியற்காலை மூன்று மணிக்கே எழுந்து கூடத்தில் விளக்குப் போடாமல் உட்கார்ந்திருக்கிறாராம். சாப்பாடு பாதியாகிவிட்டது. உடம்பு இளைத்து இடுப்புத் துணி நிற்கவில்லை. ஊருக்கெல்லாம் இடுப்புப் பிடித்துக் கொடுத்த மனிதர், தன் பேன்ட்டை அரைஞாண் கயிற்றால் இழுத்துக் கட்டியிருக்கிறார். அதைப் பார்த்ததும் எனக்குப் பேச்சு வரவில்லை.

நெஞ்சு அடைக்கிறது, வயிறு உப்புகிறது என்றதால் ஈசிஜி, எக்கோ இரண்டும் எடுத்தோம். கோளாறு எதுவும் இல்லை. வாயு என்று சொல்லி மாத்திரை கொடுத்திருக்கிறார்கள். "கடையை மூடிவிட்டு ஓய்வெடுக்கட்டும்" என்கிறான் தம்பி. தெரிந்தவர் பெயரையே மறக்கிறாரே, மறதி நோயாக இருக்குமோ என்று பயப்படுகிறார் அம்மா. எனக்கு மனச்சோர்வோ என்று சந்தேகம். ஆனால் வாய்விட்டு ஒரு கவலைகூடச் சொல்லாத மனிதரை எப்படி அப்படி நினைப்பது?

பாண்டியன், விருதுநகர்

தங்கச்சி, அறுபதைத் தாண்டினால் எல்லோருக்கும் இப்படித்தான். என் மாமாவுக்கும் இருந்தது. பேரப் பிள்ளைகள் வந்து பத்து நாள் தங்கினார்கள், சரியாகிவிட்டது. பழனிக்குக் கூட்டிப் போய் வாருங்கள். மனநல டாக்டர் என்று ஆரம்பித்தால் மாத்திரைக்கு அடிமையாக்கிவிடுவார்கள். அதோடு ஊரில் பெயரும் கெடும்.

ஓய்வுபெற்ற செவிலியர், திருநெல்வேலி

கயல், நான் பணிக்காலத்தில் பெரும்பகுதியை அரசு மருத்துவமனை மனநலப் பிரிவில் கழித்தவள். நோயைத் தீர்மானிப்பது மருத்துவரின் வேலை. ஆனால் நீங்கள் எழுதியதைப் படித்தபோது, புறநோயாளிப் பிரிவு பெஞ்சில் வந்து உட்காரும் முகங்கள்தான் நினைவுக்கு வந்தன.

"எனக்குக் கவலையாக இருக்கிறது" என்று சொல்லிக்கொண்டு வரும் ஆண்கள் மிகக் குறைவு. நெஞ்சு பாரம், தலைக் கனம், உடம்பெல்லாம் எரிச்சல், வயிறு மந்தம் என்றுதான் வருவார்கள். இதய டாக்டர், வயிற்று டாக்டர், ஸ்கேன் என்று ஒரு சுற்று முடித்து, கடைசியில் கோப்போடு எங்களிடம் வருவார்கள். அவர்கள் பொய் சொல்வதில்லை. அவர்களுக்கு வலி உண்மையாகவே உடம்பில்தான் இருக்கிறது.

அழுகையை எதிர்பார்த்துக் காத்திருக்காதீர்கள். மனம் வறண்டுபோவதுதான் முதலில் வரும். பிடித்த ஒன்றைக் கையில் கொடுத்தாலும் உள்ளே எதுவும் அசையாது. துக்கம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, எதில் ஆசை போயிற்று என்று பாருங்கள். உங்கள் அப்பாவுக்கு அது தொழிலிலேயே போயிருக்கிறது. மூன்று மணி விழிப்பையும் சாதாரணமாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதுமையில் தூக்கம் குறைவது இயல்புதான். ஆனால் வழக்கத்தைவிட இரண்டு மூன்று மணி நேரம் முன்பே விழிப்பதும், காலையில் மிகவும் சோர்ந்திருந்து மாலையில் கொஞ்சம் தெளிவதும் மனச்சோர்வு நோயின் பழைய அடையாளங்கள். மாலையில் அவர் சற்று நன்றாகப் பேசுகிறாரா என்று அம்மாவிடம் கேட்டுப் பாருங்கள்.

மருத்துவர்கள் 2 வாரக் கணக்கு ஒன்று வைத்திருக்கிறார்கள். ஆர்வமின்மையோ மனத்தளர்ச்சியோ பெரும்பாலான நாட்களில், நாளின் பெரும்பகுதி, 2 வாரம் நீடித்தால் அதைக் கவனிக்க வேண்டும். கூடவே பசி, தூக்கம், களைப்பு, கவனம், தன்னைத் தானே குறைத்துக்கொள்வது ஆகியவற்றையும் பார்ப்பார்கள். பிஎச்க்யூ-9 என்று ஒன்பது கேள்விகள் கொண்ட தாள் ஒன்று உண்டு. ஒவ்வொன்றுக்கும் 0 முதல் 3 வரை மதிப்பெண், மொத்தம் 27. 10 அல்லது அதற்கு மேல் வந்தால் டாக்டரைப் பார்க்க வேண்டும் என்று பொருள். அதை வைத்து நாமே நோய்க்குப் பெயர் சூட்டிவிடக் கூடாது. பொங்கலிலிருந்து என்கிறீர்கள்; 2 வாரம் எப்போதோ தாண்டிவிட்டது.

மறதி பற்றி: டிமென்ஷியா என்னும் மறதி நோய் தொடங்கியவர் பெரும்பாலும் மறதியை மறைப்பார், சமாளித்து ஏதாவது பதில் சொல்வார். மனச்சோர்வு உள்ளவர் "தெரியவில்லை, என் மூளை போய்விட்டது" என்று தானே குறைப்பட்டுக்கொள்வார். இது முடிவான சோதனை அல்ல, இரண்டும் சேர்ந்தும் வரலாம். சோர்வினால் வந்த மறதி என்றால் சிகிச்சையில் பெரும்பாலும் தெளியும்.

இன்னொன்று, இதை விட்டுவிடாதீர்கள். மெட்பார்மின் நீண்ட காலம் சாப்பிடுபவர்களுக்கு பி12 வைட்டமின் குறையலாம். பி12 குறைந்தாலும் தைராய்டு மந்தமானாலும் இதே சோர்வு, இதே மறதி வரும். அதனால் இரத்தப் பரிசோதனையில் தைராய்டு, பி12, ஹீமோகுளோபின், மூன்று மாதச் சர்க்கரை எல்லாவற்றையும் பார்க்கச் சொல்லுங்கள். எடை எதனால் குறைகிறது என்பதையும் மருத்துவர் தனியாகப் பார்க்க வேண்டும். சர்க்கரை உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பும் மற்றவர்களைவிட அதிகம்.

பாண்டியன் தம்பி, பழனிக்குத் தாராளமாகப் போகட்டும், முருகன் வேண்டாம் என்று சொல்ல மாட்டார். ஆனால் மனச்சோர்வுக்குக் கொடுக்கும் மாத்திரைகள் போதை மருந்து அல்ல. திடீரென்று நிறுத்தினால் தலைசுற்றல், எரிச்சல் வரும் என்பதால் மெல்லக் குறைப்பார்கள், அவ்வளவுதான். பலன் தெரியவே 2 முதல் 4 வாரம் ஆகும். பெரும்பாலோர் முதல் வாரத்திலேயே "ஒன்றும் ஆகவில்லை" என்று தூக்கிப் போட்டுவிடுகிறார்கள். எங்களுக்கு அதுதான் பெரிய தலைவலி.

முத்து, நாமக்கல்

செவிலியர் அம்மா சொன்னதோடு என் பங்குக்குக் கொஞ்சம். நான் லாரி புக்கிங் ஆபீசில் இருப்பவன். எனக்கு இது வந்தது 41 வயதில். நானும் ஒரு சொட்டுக் கண்ணீர் விடவில்லை. எரிந்து விழுந்தேன். குக்கர் விசில் அடித்தால் கோபம், பையன் பென்சிலைத் தட்டினால் கோபம். போன் அடிக்கும்; எடுக்காமல், அது நிற்கும்வரை அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். போன் எடுப்பதுதான் என் தொழிலே! குளிக்கப் போவது மலை ஏறுவது போல இருந்தது. சட்டையில் பொத்தான் போட்டுக்கொண்டிருக்கும்போதே மூன்றாவது பொத்தானில் களைத்து உட்கார்ந்த நாட்கள் உண்டு. யாரும் நோய் என்று நினைக்கவில்லை. திமிர் என்றார்கள்.

உங்கள் தம்பியிடம் ஒன்று சொல்லுங்கள். கடையை மூட வைக்க வேண்டாம். என்னையும் "லீவு போட்டு ஓய்வெடு" என்றார்கள். நாள் முழுக்கக் கட்டிலில் கிடந்து இன்னும் ஆழத்துக்குப் போனேன். என் டாக்டர் சொன்னது வேறு: தினமும் ஒரே நேரத்தில் எழுந்து, தெருக்கோடி வரை நடந்து திரும்ப வேண்டும், மனம் வராவிட்டாலும் போக வேண்டும், மனம் பின்னால் வரும். அப்பாவிடம் முழு பேன்ட் கேட்காதீர்கள். ஒரு பொத்தான், ஒரு ஓரம் மடித்தல், அவ்வளவு போதும். "தைரியமாக இருங்கள், உங்களுக்கு என்ன குறை?" என்று மட்டும் யாரும் சொல்ல வேண்டாம். கேட்டால் குறையே இல்லாமல் இப்படி இருக்கிறேனே என்று இன்னும் குற்ற உணர்ச்சிதான் வரும்.

கயல்

இருவருக்கும் நன்றி. அம்மாவிடம் கேட்டேன். மாலை ஆறு மணிக்கு மேல் கொஞ்சம் பேசுகிறார், டீ கேட்கிறார் என்கிறார். இதை நாங்கள் யாரும் சேர்த்துப் பார்க்கவில்லை.

மனநல மருத்துவர் என்றால் அப்பா நிச்சயம் வரமாட்டார். எப்படி அழைத்துப் போவது? இன்னொன்று. நேற்று போனில், "இனி நான் தைத்து யார் போடப்போகிறார்கள், இருந்து என்ன ஆகப்போகிறது" என்றார். சும்மா சொன்னதா என்று தெரியவில்லை. கேட்டால் எண்ணத்தை நாமே கிளப்பிவிட்டதாக ஆகுமோ என்று பயமாக இருக்கிறது.

ஓய்வுபெற்ற செவிலியர், திருநெல்வேலி

ஆகாது. கேளுங்கள். கேட்பதால் எண்ணம் முளைப்பதில்லை. பலருக்குக் கேட்ட பிறகுதான் மூச்சு வருகிறது. சுற்றி வளைக்காமல், "அப்பா, செத்துப்போனால் தேவலை என்று தோன்றுகிறதா? அதற்கு ஏதாவது செய்துகொள்ள நினைத்தீர்களா?" என்றே கேளுங்கள். பதறாமல், அறிவுரை சொல்லாமல் பதிலை முழுக்கக் கேளுங்கள். எப்படி, எப்போது என்று யோசித்து வைத்திருக்கிறார் என்று தெரிந்தால் அன்றைக்கே மருத்துவமனை. தனியாக ஒரு நிமிடம்கூட விடக் கூடாது.

பதில் எதுவாக இருந்தாலும் இன்றிலிருந்தே அம்மா மாத்திரை டப்பாவைத் தன் பொறுப்பில் வைத்துக்கொண்டு வேளைக்கு வேளை எடுத்துக் கொடுக்கட்டும். வீட்டில் பூச்சி மருந்து, எலி மருந்து இருந்தால் வெளியே போய்விட வேண்டும். எந்த நேரமானாலும் 14416 என்ற எண்ணில் டெலி மானஸ் என்ற மனநல உதவித் தொலைபேசிச் சேவை இருக்கிறது. 2022 அக்டோபரில் மத்திய அரசு தொடங்கியது, இலவசம், தமிழில் பேசுவார்கள். நீங்களே முதலில் கூப்பிட்டு விவரம் சொல்லலாம்.

அழைத்துப் போக: பொய் சொல்லாதீர்கள், பிறகு உங்களை நம்பமாட்டார். "மூன்று மணிக்கு விழிப்பு வருகிறது, நெஞ்சு அடைக்கிறது, இதற்கு மருந்து கொடுக்கும் டாக்டர்" என்று சொல்லுங்கள். அது உண்மைதானே. மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது, உங்கள் ஊரிலிருந்து பக்கம். ஈசிஜி, எக்கோ தாள்களையும் எல்லா மாத்திரை அட்டைகளையும் எடுத்துக்கொள்ளுங்கள். அம்மா கூட வரவேண்டும், ஏனென்றால் மருத்துவர் கேட்கும் பாதிக் கேள்விகளுக்கு அவரிடம்தான் பதில் இருக்கிறது.

கயல்

இப்போதுதான் பேசினேன். சொன்னபடியே கேட்டேன். கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. "தோன்றும், ஆனால் உன் அம்மாவை விட்டுவிட்டு எதுவும் செய்துகொள்ள மாட்டேன்" என்றார். பிறகு, தூக்கத்துக்கு மருந்து கிடைக்கும் என்றால் வருகிறேன் என்றும் சொன்னார். மாத்திரைகளை அம்மா எடுத்து வைத்துவிட்டார். தம்பி இன்று ராத்திரியே ஓசூரிலிருந்து கிளம்புகிறான். அடுத்த வாரம் போகலாமா, நாளைக்கேயா?

ஓய்வுபெற்ற செவிலியர், திருநெல்வேலி

நாளைக்கே. காலையிலேயே போய்ச் சீட்டு வாங்கிவிடுங்கள், கூட்டம் இருக்கும். இன்று அவர் சொன்னதை அப்படியே, வார்த்தை மாற்றாமல், மருத்துவரிடம் சொல்லுங்கள். சர்க்கரை உள்ளவர், பசியோடு வரிசையில் நிற்க வைக்காதீர்கள். இட்லி கட்டிக்கொண்டு போங்கள்.