கரண்ட் போய் வந்தால் மேக் முகவரி மாறுகிறது, உதவுங்கள்

ஜெலுத்தோங் தம்பி:
அத்தாவின் நாசி கண்டார் (சோறும் கறியும்) கடையில் அடுப்படி ஆர்டர் பிரிண்டரை ஒரு சின்ன லினக்ஸ் பலகையில் மாட்டியிருக்கிறேன். டெபியன்தான். ரௌட்டரில் அதன் மேக்குக்கு (நெட்வொர்க் கார்டின் அடையாள எண்) 192.168.1.50 என்ற ஐபி முகவரியை ஒதுக்கியும், சாயங்கால இடிமழையில் கரண்ட் போய் வந்தால் பலகை வேறு மேக்கோடு எழுந்து வேறு ஐபி வாங்கிக்கொள்கிறது. நேற்று ராத்திரி முழுக்க ஆர்டரை அட்டையில் எழுதிக் கொடுத்தோம். நானே ஒரு மேக்கை வைக்கலாமென்று 'ஐபி லிங்க்' கட்டளையில் 11:22:33:44:55:66 கொடுத்தால் 'கேனாட் அசைன்' என்று திட்டுகிறது. கார்டுக்கான அமைப்பைச் சொல்லும் சிஸ்டம்டி லிங்க் கோப்பும் எழுதினேன்: மேட்ச் பகுதியில் இப்போதுள்ள மேக், லிங்க் பகுதியில் புதியது. அசையவில்லை.

பட்டர்வொர்த்:
சிஸ் அடைவுக்குள் கிளாஸ், நெட், ஈத்0 (நெட்வொர்க் கார்டின் பெயர்) என்று போய், 'அட்ர்_அசைன்_டைப்' கோப்பில் என்ன எண் இருக்கிறது என்று பாருங்கள் தம்பி.

ஜெலுத்தோங் தம்பி:
1 அண்ணே.

பட்டர்வொர்த்:
அப்போ கெர்னலே (லினக்ஸின் மையப் பகுதி) குத்துமதிப்பாகப் போட்ட முகவரி. பலகை பழுதில்லை. விலை குறைந்த சில பலகைகளில் மேக்கைப் பதித்து வைக்கவே இடமிருக்காது. பூட்லோடரும் (பலகையை எழுப்பும் நிரல்) கொடுக்காவிட்டால் எழும்போதெல்லாம் பெயர்சூட்டு விழாதான்.

உங்கள் 11 எடுபடாததற்குக் காரணம் வேறு. முதல் பைட் (முதல் இரண்டு இலக்கம்) ஒற்றைப்படை என்றால் அது மல்டிகாஸ்ட், அதாவது ஒரே நேரத்தில் பல சாதனங்களுக்கு அனுப்பும் முகவரி. எந்தக் கார்டுக்கும் வைக்க முடியாது. 02 என்று தொடங்குங்கள். நாமாக வைத்துக்கொள்ளும் முகவரிக்கான இடம் அது, கடையிலுள்ள மற்ற சாதனங்களின் முகவரியே இதற்கும் வந்துவிடாமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள்.

லிங்க் கோப்பில், மாறிக்கொண்டே இருக்கும் மேக்கை வைத்துக் கார்டைத் தேடச் சொல்லியிருக்கிறீர்கள். அது எங்கே கிடைக்கும்? மேட்சில் 'ஒரிஜினல்நேம்=ஈத்0' போடுங்கள். கோப்பின் பெயர் 10 என்று தொடங்கட்டும். பொருந்தும் முதல் கோப்பை மட்டும்தான் எடுக்கும், சிஸ்டத்தோடு வரும் 99-டிஃபால்ட் முந்திவிடக் கூடாது.

பிரிக்ஃபீல்ட்ஸ்:
அண்ணன் சொன்னது சரி. அப்புறம் 'அப்டேட்-இனிட்ராம்எஃப்எஸ் -யூ' கொடுக்க மறக்காதீர்கள். இனிட்ராம்எஃப்எஸ் என்பது எழும்போது முதலில் ஏறும் சின்னக் கோப்புத் தொகுப்பு. நெட்வொர்க் டிரைவர் அதற்குள்ளிருந்தே ஏறினால் உங்கள் புதுக் கோப்பு அதன் கண்ணில் படாது. எனக்கு இதிலேயே அரை நாள் போச்சு.

ஜெலுத்தோங் தம்பி:
ரௌட்டரில் புது மேக்குக்கு .50 ஒதுக்கிவிட்டு மூன்று முறை பிளக்கைப் பிடுங்கிப் போட்டேன். மூன்று முறையும் அதே 02தான். 'அட்ர்_அசைன்_டைப்' கோப்பில் இப்போது 3 என்று இருக்கிறது, அதாவது நாமாக வைத்த முகவரி. முதல் சீட்டும் அடுப்படியில் விழுந்தாச்சு: கோழி, வெண்டைக்காய், குவா பஞ்சிர் (குழம்பு தாராளமாக).