எக்மோ, இம்பெல்லா: காலுக்கு வரும் ஆபத்துக்குக் காரணம் கருவியா, கையாளும் முறையா?

நெடுவழுதி:
மாரடைப்பால் ஷாக்கில், அதாவது இதயம் போதுமான ரத்தத்தை அனுப்ப முடியாத நிலையில், விழுந்தவர்களுக்கு வழக்கமாக எக்மோ (தொடை வழியாகச் செருகும் குழாய்களால் ரத்தத்தை வெளியே எடுத்து, ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும் கருவி) போடுவதை நான் எதிர்க்கிறேன். 2023இல் வந்த ஈசிஎல்எஸ்-ஷாக் ஆய்வில், 30 நாளுக்குள் இறந்தவர்கள் எக்மோ தரப்பில் 47.8 சதவீதம், எக்மோ இல்லாத தரப்பில் 49 சதவீதம். கிட்டத்தட்ட ஒன்றுதான். ஆனால் சிகிச்சை தேவைப்பட்ட கால் ரத்தக்குழாய்ச் சிக்கல் 11 சதவீதம், மறுதரப்பில் 3.8. மிதமான அல்லது கடுமையான ரத்தக்கசிவு 23.4, மறுதரப்பில் 9.6. உயிரும் கூடுதலாகப் பிழைக்கவில்லை, காலும் ஆபத்தில். பிறகு எதற்காக?

யாழினி, ஐசியு:
எக்மோவோடு நிறுத்தாதீர்கள் சார். 2024இல் வந்த டேஞ்சர்-ஷாக் ஆய்வில் இம்பெல்லா (தொடைத்தமனி வழியாக இதயத்துக்குள் செலுத்தும் சிறு பம்ப்) போட்டவர்களில் 180 நாளுக்குள் இறந்தவர்கள் 45.8 சதவீதம், போடாதவர்களில் 58.5. ஏறக்குறைய எட்டுப் பேருக்குப் போட்டால் ஓர் உயிர் கூடுதலாகத் தப்புகிறது. காலில் ரத்த ஓட்டம் தடைபட்டது 5.6 சதவீதம், மறுதரப்பில் 1.1. அது கூடுதல்தான், மறைக்கவில்லை. அந்த ஓர் உயிருக்காக அதை ஏற்கலாம் என்கிறேன்.

நெடுவழுதி:
இதயம் நின்று மீண்டபின் கோமாவில் இருந்தவர்களை அந்த ஆய்வில் சேர்க்கவில்லை. நம்மிடம் வருபவர்களில் அப்படிப்பட்டவர்கள் எத்தனை பேர்! டயாலிசிஸ் தேவைப்பட்டதும் 41.9 சதவீதம், மறுதரப்பில் 26.7. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

மருதன், கேத்லேப் (இதயக் குழாய்ச் சிகிச்சை அறை):
இருவருமே சதவீதத்தோடு நின்றுவிடுகிறீர்கள். யாருடைய காலில் போடுகிறோம் என்பதல்லவா முதல் கேள்வி? இம்பெல்லா சிபி என்ற வகையின் பம்ப் 14 பிரெஞ்சு (குழாயின் பருமனைச் சொல்லும் அளவு, 3 பிரெஞ்சு ஒரு மில்லிமீட்டர்), அது நாலரை மில்லிமீட்டரைத் தாண்டும். எக்மோவின் தமனிக் கேனுலா, அதாவது தமனியில் செருகும் குழாய், 15 முதல் 19 பிரெஞ்சு, அதாவது 5 முதல் 6 மில்லிமீட்டருக்கு மேல். சிறிய உடல்வாகுள்ள பெண்ணின் தொடைத்தமனியே அவ்வளவுதான் இருக்கும். கேனுலா அதை அடைத்துக்கொண்டால் கீழே ரத்தம் எப்படிப் போகும்? இதோடு சர்க்கரை நோய், புகைப்பழக்கம், ஏற்கெனவே காலில் அடைப்பு இருந்தால் ஆபத்து ஏறிக்கொண்டே போகும். போதாக்குறைக்கு, பிரஷரை ஏற்றக் கொடுக்கும் நார்அட்ரினலின் மருந்தும் ரத்தக்குழாய்களைச் சுருக்கும்.

துளையிடும் இடமும் முக்கியம். மேலே தள்ளிக் குத்தினால் ரத்தம் வயிற்றின் பின்புறம் தேங்கும். வெளியே ஒன்றும் தெரியாது, பிரஷர் மட்டும் விழும். கீழே தள்ளிக் குத்தினால் பின்னால் எலும்பு இல்லாததால் அழுத்தி நிறுத்த முடியாது, போலி அனியூரிசம் (தமனிக்கு வெளியே ரத்தம் கசிந்து தேங்கும் வீக்கம்) வரும். அல்ட்ராசவுண்ட் பார்த்துக் குத்தினால் பாதிச் சண்டை இங்கேயே முடியும்.

நெடுவழுதி:
டாக்டர், முறையாகச் செய்தால் தவிர்க்கலாம் என்கிறீர்கள். ஈசிஎல்எஸ்-ஷாக்கில் பெரும்பாலானவர்களுக்குக் காலுக்கு ரத்தம் அனுப்பும் தனிச் சிறு குழாயும் போட்டிருந்தார்கள். அப்படியும் 11 சதவீதம். இதற்கு என்ன பதில்?

யாழினி, ஐசியு:
குழாய் போட்டுவிட்டோம் என்று நிம்மதியாக இருக்க முடியாது, அதுவே பதில். அது மடங்கும், உறைகட்டி அடைக்கும். நோயாளி மயக்கத்தில் இருப்பார், கால் வலிக்கிறது என்று சொல்லமாட்டார். எக்மோவில் நாடித்துடிப்பே மங்கிவிடுவதால் விரலை வைத்துப் பார்ப்பதில் பயனில்லை. ரத்த ஓட்டத்தை ஒலியலையால் காட்டும் டாப்ளர் வேண்டும், இரண்டு கெண்டைக்காலிலும் ஆக்சிஜன் சென்சார் ஒட்டி ஒப்பிட வேண்டும். நிறம், சூடு, இறுக்கம் எல்லாவற்றையும் மணிக்கு ஒருமுறை எழுதச் சொல்லி ஒவ்வொரு ஷிஃப்டிலும் நான் சண்டை போடுவது இதற்காகத்தான். முழு அடைப்பை ஆறு மணி நேரத்துக்கு மேல் தசை தாங்குவது கடினம். அதன்பின் அடைப்பை நீக்கினாலும் தசை வீங்கி உள்ளேயே நெரிபடும், தோலையும் தசையுறையையும் கீறித் திறக்க வேண்டிவரும்.

ரத்தம் உறையாமல் தடுக்கும் ஹெப்பாரினைக் குறைத்தால் உறைகிறது, கூட்டினால் கசிகிறது. இந்த இழுபறிக்கு எனக்குத் தீர்வு தெரியவில்லை சார்.

மருதன், கேத்லேப்:
சிஸ்டர் சொல்வது முழுக்கச் சரி. கால் தமனி மோசமாக இருந்தால் அக்குள் தமனி வழியாகப் போகலாம். ஆனால் அதற்குப் பெரும்பாலும் அறுவை தேவைப்படும், நேரம் பிடிக்கும். பெருந்தமனிக்குள் விரிந்து சுருங்கி இதயத்துக்கு உதவும் பலூன் பம்ப் 7, 8 பிரெஞ்சுதான், காலுக்கு இதமானது. ஆனால் 2012இன் ஐஏபிபி-ஷாக் 2 ஆய்வில் அது உயிரிழப்பைக் குறைக்கவில்லையே.

நெடுவழுதி:
அப்படியானால் குத்துவதற்கு முன் தமனியை அளப்பதைக் கட்டாயமாக்குங்கள். அளவு போதவில்லை என்றால் தொடை வழியாகப் போடக் கூடாது. இதற்கு ஒப்புக்கொள்கிறீர்களா?

மருதன், கேத்லேப்:
அளப்பதற்கு ஒப்புக்கொள்கிறேன், அரை நிமிட வேலை. போடக் கூடாது என்ற தடைக்கு ஒப்பமாட்டேன். இதயம் நின்று மார்பை அழுத்திக்கொண்டிருக்கும்போது 5 மில்லிமீட்டர் தமனிதான் கிடைத்தது என்றால், இருப்பதில் சிறிய கேனுலாவை அதில்தான் போடுவேன். காலுக்கான குழாயையும் கையோடு போடுவேன்.