கை ஹெய்ன்ஸ் லைட்டரை மறந்தாரா, விட்டுச் சென்றாரா?

திரைக்கண்: ஹிட்ச்காக்கின் ‘ஸ்ட்ரேஞ்சர்ஸ் ஆன் எ டிரெயின்’ (1951) படத்தின் நாயகன், டென்னிஸ் வீரர் கை ஹெய்ன்ஸ் ஒன்றும் அறியாத அப்பாவி என்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார். படத்தைப் பார்த்தாரா? உன் மனைவியை நான் கொல்கிறேன், என் அப்பாவை நீ கொல் என்று முன்பின் அறியாத புரூனோ பேசிய ரயில் அறையிலேயே காதலி ஆன் தந்த லைட்டரை விட்டு இறங்குகிறார். அப்பாவியாம்!

செல்வி: எழுதியது நான்தான். பார்த்துவிட்டுத்தான் எழுதினேன். லைட்டரை மறந்துவிட்டார். ரயிலில் பொருளை மறப்பவர்கள் எல்லாரும் கொலைக்கு உடந்தையா?

திரைக்கண்: மறக்கவில்லை, விட்டுச் சென்றார். மனைவி மிரியம் விவாகரத்துக்கு மறுத்ததும், அவள் கழுத்தை நெரிக்க வேண்டும் போலிருக்கிறது என்று தொலைபேசியில் ஆனிடம் கத்துகிறாரே? மிரியம் எப்படிச் செத்தாள்? புரூனோ கழுத்தை நெரித்துத்தானே!

செல்வி: கோபத்தில் யாரும் கத்துவார்கள். புரூனோ துப்பாக்கியும் வீட்டு வரைபடமும் அனுப்பினான். கை ஹெய்ன்ஸ் சுட்டாரா? புரூனோவின் தந்தையை எச்சரிக்கத்தான் போனார்.

பழுப்பேடு: படத்துக்கு மூலமான பட்ரீஷியா ஹைஸ்மித்தின் நாவலில் (1950) கை ஹெய்ன்ஸ் கட்டிடக் கலைஞர், டென்னிஸ் வீரர் அல்ல. அந்தத் தந்தையைக் கொன்றேவிடுகிறார். ரயிலில் விடுவதும் லைட்டர் அல்ல, பிளேட்டோவின் புத்தகம். மூலத்தைப் படிக்காமல் என்ன விவாதம்?

திரைக்கண்: போன மாதமும் இப்படித்தான் நாவலைத் தூக்கிக்கொண்டு வந்து விவாதத்தைக் கெடுத்தீர்கள். நானும் படித்திருக்கிறேன். அங்கே புத்தகம், இங்கே லைட்டர். இரண்டிலும் எதையோ விட்டுவிட்டுத்தான் போகிறார். படத்துக்குத் திரைக்கதை எழுதிய சாண்ட்லர் போன்ற எழுத்தாளர் காரணமில்லாமலா லைட்டரை அங்கே வைப்பார்?

பழுப்பேடு: சாண்ட்லரா! அவரோடு ஹிட்ச்காக்குக்கு ஒத்துப்போகவில்லை. திரைக்கதையை மீண்டும் எழுதியவர் சென்ஸி ஓர்மண்ட். அந்தப் பெண்ணின் பெயரை ஒருவரும் சொல்வதில்லை.

திரைக்கண்: யார் எழுதினால் என்ன? லைட்டர் அங்கேதான் இருந்தது.

செல்வி: வேண்டுமென்றே விட்டவர், புரூனோ அதைக் கொலை நடந்த தீவில் போட்டுத் தன்னைச் சிக்கவைப்பானே என்று பதறி டென்னிஸ் ஆட்டத்தை அவசரமாக முடிப்பானேன்?

திரைக்கண்: மாட்டிக்கொள்வோம் என்ற பயம். குற்றமில்லாதவர் என்பதற்கு அது சான்றாகாது.

செல்வி: எதைச் சொன்னாலும் உங்களுக்கு அது குற்றம்தான். ராபர்ட் வாக்கர் புரூனோவாக நடித்திருப்பதில் மயங்கி, கொலைகாரனுக்கு வக்காலத்து வாங்குகிறீர்கள்.

திரைக்கண்: வாக்கரைப் பற்றி நான் ஒரு சொல்லும் சொல்லவில்லை. லைட்டரைப் பற்றிக் கேட்டேன். பதில் இன்னும் வரவில்லை.