கிளப் செய்திமடலில் செய்தி போட்டதற்கு காப்பிரைட் நோட்டீஸ், அவசரம்

கிளப்செயலர்:
துப்பாக்கி கிளப் செய்திமடலில் ஒரு பத்திரிகைச் செய்தி போட்டோம். பணம் கட்டச் சொல்லி கடிதம் வந்திருக்கிறது. பத்திரிகை பெயரை கீழே போட்டுத்தான் இருந்தோம். என்ன செய்வது? சீக்கிரம் சொல்லுங்கள்.

செம்பருந்து:
எந்த நாடு? முழுசாகப் போட்டீர்களா, பகுதியா? படம் உண்டா? கடிதம் அனுப்பியது யார்?

கிளப்செயலர்:
அமெரிக்கா, டெக்சாஸ். முழுசாக, படத்தோடு. இணையத்தில் பிடிஎஃப் ஆகவும் இருக்கிறது. லாபநோக்கமில்லாத கிளப்.

இலக்கு_45:
அப்படியானால் கவலை வேண்டாம். காப்பிரைட் சட்டத்தின் 107வது பிரிவு, நியாயமான பயன்பாடு: சில சூழலில் அனுமதி இல்லாமலே பயன்படுத்தலாம். பத்திரிகைக் கட்டுரைகளுக்காக ரைட்ஹேவன் நிறுவனம் போட்ட வழக்கில் முழுக்கட்டுரையை ஒட்டியவரே ஜெயித்தார். பதிலே போடாதீர்கள்.

மூத்தஉறுப்பினர்:
தீர்ப்பைக் கடைசிவரை படித்துவிட்டு வந்து பேசுங்கள், தம்பி. வழக்குப் போடும் உரிமையே இல்லாததால்தான் ரைட்ஹேவன் தோற்றது. நியாயமான பயன்பாடு பற்றிச் சொன்ன பகுதியை 9வது சர்க்யூட் மேல்முறையீட்டு நீதிமன்றம் 2013இல் நீக்கிவிட்டது. இவருக்குப் பக்கத்தில் வருவது லாஸ் ஏஞ்சலஸ் டைம்ஸ், ஃப்ரீ ரிபப்ளிக் என்ற இணையதளத்தின் மீது போட்ட வழக்கு (2000). கருத்துச் சொல்வதற்காக முழுக்கட்டுரைகளை ஒட்டியதை நீதிமன்றம் ஏற்கவில்லை. பெயர் போட்டால் அனுமதி வாங்கியதாக ஆகிவிடாது. செய்திமடல் நடத்துகிறவருக்கு இது அரிச்சுவடி.

தோட்டா_22:
முதலில் நீக்கச் சொல்லி நோட்டீஸ் தர வேண்டாமா? டிஎம்சிஏ என்ற இணையக் காப்பிரைட் சட்டம் அப்படித்தானே?

செம்பருந்து:
டிஎம்சிஏவின் 512வது பிரிவு தரும் காப்பு, மற்றவர்கள் ஏற்றியதைத் தாங்கும் தளத்துக்கு. கிளப்பே போட்டதற்குச் செல்லாது.

தோட்டா_22:
சரி, இனி 50 வார்த்தைக்குள் நிறுத்தினால் போதும்.

மூத்தஉறுப்பினர்:
சட்டத்தில் அப்படி ஒரு எண்ணே கிடையாது. ஹார்ப்பர் அண்ட் ரோ வழக்கில் (1985) ஒரு நூலின் 2 லட்சம் வார்த்தைக் கையெழுத்துப் பிரதியிலிருந்து ஒரு பத்திரிகை சுமார் 300 எடுத்ததே மீறல்.

இலக்கு_45:
அது அச்சாகாத நூல் ஐயா! அதையும் பத்திரிகைச் செய்தியையும் ஒரே தராசில் வைக்கலாமா?

மூத்தஉறுப்பினர்:
வெளிவராதது ஒரு காரணம். எடுத்தது நூலின் உயிர்நாடி என்பது இன்னொன்று. செய்தியின் முதல் பத்தியை அப்படியே எடுத்தாலும் அதே கேள்வி எழும்.

செம்பருந்து:
அந்த வாதம் இருக்கட்டும், இவருக்கு வேலை இருக்கிறது. அந்த இதழின் நகல் ஒன்றை எடுத்துவைத்துவிட்டு, இன்றே பிடிஎஃபை இறக்குங்கள். ஒப்புக்கொண்டு எதுவும் எழுதாதீர்கள். எந்தப் படைப்பு, உரிமையாளர் யார், காப்பிரைட் ஆபீஸ் பதிவு எண் என்ன, எந்தத் தேதி என்று மட்டும் கேளுங்கள். வந்த எண்ணை ஆபீஸின் இணையப் பட்டியலில் சரிபாருங்கள். முழு விஷயமும் அந்தத் தேதியில்தான் இருக்கிறது. மீறலுக்கு முன்போ, முதலில் வெளியான 3 மாதத்துக்குள்ளோ பதிவாகியிருந்தால் ஒரு படைப்புக்கு 750 முதல் 30,000 டாலர் வரை நீதிமன்றம் விதிக்கலாம். வேண்டுமென்றே செய்தது என்றால் 1,50,000 வரை. இல்லையென்றால் பேரம் உரிமக் கட்டணத்தை ஒட்டித்தான். காப்பிரைட் கிளெய்ம்ஸ் போர்டிலிருந்து (சிறு தொகை காப்பிரைட் தகராறுகளை விசாரிக்கும் அமைப்பு) முறையாக நோட்டீஸ் வந்தால் விலகிக்கொள்ள 60 நாள் உண்டு. 'பதிலே போடாதே' என்ற யோசனை அங்கேதான் ஆளைக் கவிழ்க்கும்: பேசாமல் இருந்தால் ஒருதலைத் தீர்ப்பு. தொகை பெரிதானால் வக்கீலிடம் போங்கள்.

இனிமேல் தகவலை மட்டும் எடுத்து உங்கள் நடையில் நாலு வரி எழுதி லிங்க் கொடுங்கள். தகவலுக்கு உரிமை கிடையாது, வாக்கியத்துக்கு உண்டு. ஏடிஎஃப் (துப்பாக்கிச் சட்டங்களைக் கவனிக்கும் மத்திய அமைப்பு) பத்திரிகைக் குறிப்பு, துப்பாக்கி உரிமை பற்றிய உச்ச நீதிமன்றத்தின் 2022 புரூயன் தீர்ப்பு போன்றவை மத்திய அரசின் எழுத்து, 105வது பிரிவுப்படி முழுசாகவே போடலாம். மாநில போலீஸ் குறிப்புக்கு அந்தப் பிரிவு பொருந்தாது, கவனம்.

கிளப்செயலர்:
கடிதம் படத்துக்கு மட்டும்தானாம், போட்டோ ஏஜென்சி அனுப்பியது. பதிவு எண் கேட்டாச்சு. கட்டுரைக்குத் தனியாக வருமா?

செம்பருந்து:
வரலாம். படமும் எழுத்தும் தனித்தனி உரிமை, வழக்குப் போட 3 வருஷக் கெடு. பழைய இதழ்களின் பிடிஎஃப்களையும் ஒருமுறை பாருங்கள்.