விடியற்காலை பைக் ஸ்டார்ட் பண்ணினால் தோட்ட லயமே எழும்புகிறது, சத்தத்தைக் குறைக்க என்ன வழி?

லிந்துலைப் பாண்காரன்:

எல்லோருக்கும் வணக்கம். மலையகத்தில் லிந்துலைப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்தில் இருக்கிறேன். வேலை தலவாக்கலை டவுனில், பேக்கரியில். 4 மணிக்குப் பாண் சுடும் போறணைக்கு முன்னால் நிற்க வேண்டும் என்பதால் 3.30க்கெல்லாம் பைக்கை ஸ்டார்ட் பண்ணியாக வேண்டும்.

எங்களுடையது பழைய லயம், வரிசையாக ஒட்டிக் கட்டின தோட்ட வீடுகள். இடைச்சுவர் கூரை வரைக்கும் போகாது. பக்கத்துக் காம்பராவில் இருமினால் இங்கே நாங்கள் திரும்பிப் படுப்போம். பைக் இஸ்தோப்பில்தான் (வாசல் திண்ணையில்) நிற்கும். வெளியே விட்டால் மழை, மழை இல்லாத நாளில் பெற்றோல் காணாமல் போகும். இந்தத் தை மாதக் குளிரில் சோக்கை (ஸ்டார்ட் ஆகப் பெற்றோலைக் கூட்டிவிடும் லீவரை) இழுத்து ஐந்து நிமிடமாவது உறும விட்டால்தான் மேட்டில் இழுக்கிறது.

போன மாதம் பக்கத்துக் காம்பரா அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. அவர் பாவம், ஒன்றும் சொல்லவில்லை. அவருடைய மாமியார்தான் தண்ணீர் பிடிக்கும் பீலியடியில் நாலு பேர் முன்னால் என் அம்மாவிடம், "ஒங்க மகன் பாண் சுடப் போறானா, எங்களச் சுடப் போறானா?" என்று கேட்டுவிட்டார். அம்மா இரண்டு நாள் என்னோடு பேசவில்லை.

வண்டி பல்சர் 150, கார்ப்ரேட்டர் (காற்றையும் பெற்றோலையும் கலந்து கொடுப்பது) உள்ளது, செகண்ட் ஹேண்ட். முதலில் வைத்திருந்தவர் வண்டியோடு வந்த சைலன்சரைக் கழற்றிவிட்டுக் குட்டையாக ஒன்றைப் போட்டிருக்கிறார். வாங்கும்போது அந்தச் சத்தம் எனக்கும் பிடித்துத்தான் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. குழாய்க்குள் இரும்புப் பஞ்சை அடைத்தால் அடங்கிவிடும் என்கிறான் ஒரு கூட்டாளி. செய்யலாமா? இன்னொன்று, வண்டி சூடானதும் "டப் டப்" சத்தம் தானாகக் குறைகிறது. அது ஏன்?

கொட்டகலை கராஜ்:

தம்பி, இரும்புப் பஞ்சை மட்டும் வைக்காதீங்க. அது மெல்லிய கம்பி. சூட்டில் சிவந்து எரிந்து பொறிப்பொறியாக வெளியே பறக்கும். இறுக்கி அடைத்தால் புகை போக வழியில்லாமல் இழுவை போய்விடும். பிறகு மேடு ஏறவில்லை என்று என்னைப் போல ஒருவனிடம்தான் வருவீங்க.

உங்கள் கடைசிக் கேள்விதான் முக்கியம். சூடானதும் குறைகிறது என்றால், சைலன்சர் குழாய் எஞ்சினில் சேரும் வாயில் லீக் இருக்கும். அங்கே ஒரு வளையக் கேஸ்கெட் உண்டு. அது நசுங்கியோ உடைந்தோ போனால் குளிரில் இடைவெளி வழியே புகை அடிக்கும். இரும்பு சூட்டில் விரிந்ததும் அந்த இடைவெளி கொஞ்சம் அடைபடும். உங்களுக்குச் சத்தம் குறைகிற நேரத்தில் மாமியார் எழும்பி முடிந்திருப்பார். பகலில் எஞ்சின் ஆறிக் கிடக்கும்போது அந்த வாயைச் சுற்றிப் பாருங்க, கறுப்பாகக் கரி படிந்திருந்தால் லீக்கேதான். கேஸ்கெட்டுக்குப் பெரிய காசு இல்லை. நட் இரண்டையும் மாறி மாறிக் கொஞ்சம் கொஞ்சமாக இறுக்க வேண்டும். ஒரு பக்கத்தை முதலிலேயே முறுக்கினால் புதுசும் கோணலாக உட்கார்ந்து அதே கதைதான்.

குட்டைச் சைலன்சரைக் கழற்றிவிடுங்க. அதில் பெரும்பாலும் ஓட்டை போட்ட ஒரு குழாயும், சுற்றிக் கண்ணாடிப் பஞ்சும்தான். பஞ்சு நாளடைவில் பறந்து போனால் வெறும் தகர டப்பா. வண்டியோடு வருவதில் உள்ளே தனித்தனி அறைகள் இருக்கும். சத்தம் ஒன்றிலிருந்து மற்றதுக்கு முட்டி மோதிப் போகும்போதே பாதி செத்துவிடும். பழைய சாமான் கடையில் தேடினால் கிடைக்கும். வாங்கும்போது கையால் குலுக்கிப் பாருங்க, உள்ளே எதுவும் உருளக் கூடாது. அடிப்பக்கம் துரு தின்றிருக்கிறதா என்றும் பாருங்க. கொஞ்சத் தூரம் மட்டும் ஓடும் வண்டிகளில் தண்ணீர் உள்ளேயே தங்கி அடியைத்தான் முதலில் அரிக்கும்.

அந்த ஐந்து நிமிடம் தேவையே இல்லை. 1,500 மீற்றர் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தை விடக் கிட்டத்தட்ட 14 சதவீதம் குறைவு. கீழ்நாட்டில் செட் பண்ணின கார்ப்ரேட்டர் இங்கே வந்தால் காற்றுக்குப் பெற்றோல் அதிகமாகிவிடும். அதற்கு மேல் சோக்கையும் இழுத்து வைத்தால் பிளக்கில் கரி படியும், பெற்றோல் சிலிண்டரில் உள்ள ஒயிலையும் கழுவிவிடும். மேட்டில் இழுக்காததற்கும் அதுவே காரணமாக இருக்கலாம். கார்ப்ரேட்டரைக் கழுவி, இந்த உயரத்துக்கு டியூன் பண்ணச் சொல்லுங்க. பிறகு சோக் போட்டு ஸ்டார்ட், அரை நிமிடத்தில் பாதியாகக் குறை, ஒரு நிமிடத்தில் புறப்படு. முதல் இரண்டு கிலோமீற்றர் முறுக்காமல் போனால் ஓடும்போதே சூடாகிவிடும், நின்று உறுமுவதை விடச் சீக்கிரமாக.

மஸ்கெலியா ரைடர்:

வித்துட்டு சைக்கிள் வாங்குங்க அண்ணே. போகும்போது இறக்கம், வரும்போது தள்ளிக்கிட்டு வரலாம் 😄

பொகவந்தலாவை டீச்சர்:

கராஜ் அண்ணன் சொல்லாத ஒன்றைச் சொல்கிறேன். தம்பி, இஸ்தோப்பில் வைத்து ஸ்டார்ட் பண்ணவே பண்ணாதீங்க. இடைச்சுவர் கூரை வரை இல்லை என்று நீங்களே எழுதியிருக்கிறீங்க. சத்தம் போகிற வழியாகத்தானே புகையும் போகும். அதில் உள்ள காபன் மொனொக்சைட்டுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை. சோக் போட்ட நேரத்தில்தான் அது அதிகமாக வரும். பக்கத்தில் ஒரு மாதக் குழந்தை.

எங்கள் லயத்திலும் ஒருவர் இப்படித்தான் இருந்தார். இப்போது கோயில் வளைவு வரைக்கும் தள்ளிக்கொண்டு போய் அங்கேதான் ஸ்டார்ட் பண்ணுகிறார். திறந்த வெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் சுமார் 6 டெசிபல் குறையும். இரண்டு லயத்துக்கு நடுவில் அந்தக் கணக்கு செல்லாது, சுவரிலும் தகரத்திலும் பட்டு எதிரொலிக்கும். அதனால் லயத்தைத் தாண்டித்தான் போக வேண்டும். சைலன்சர் வாயைத் தேயிலைப் பக்கம் திருப்பி நிறுத்துங்க. காற்றில்லாத விடியலில் குளிர் கீழே தேங்கி நிற்கும்போது சத்தம் மேலே போகாமல் தரையை நோக்கி வளையும், எதிர் மலை லயத்துக்குக்கூடத் தெளிவாகக் கேட்கும்.

இறக்கம்தானே என்று இருட்டில் ஏறி உட்கார்ந்து உருட்டாதீங்க. சில வண்டிகளில் எஞ்சின் ஓடினால்தான் ஹெட்லைட் எரியும். இறங்கித் தள்ளுங்க, கையில் டோர்ச் இருக்கட்டும்.

லிந்துலைப் பாண்காரன் (மூன்று வாரம் கழித்து):

எல்லோருக்கும் நன்றி. டீச்சர் சொன்னதைப் படித்த அன்றே இஸ்தோப்பில் ஸ்டார்ட் பண்ணுவதை நிறுத்திவிட்டேன். குழந்தையை நினைத்தால் இப்போதும் வயிற்றைக் கலக்குகிறது. கொழுந்து நிறுக்கும் மடுவம் வரைக்கும் தள்ளுகிறேன். முதல் வாரம் முதுகு பிடித்துக்கொண்டது.

கேஸ்கெட் இரண்டு துண்டாக வந்தது அண்ணே, வாயெல்லாம் கரி. ஒரிஜினல் சைலன்சர் ஹட்டனில் ஒரு பழைய சாமான் கடையில் கிடைத்தது. குலுக்கிப் பார்த்துத்தான் வாங்கினேன், கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்த்தார். கார்ப்ரேட்டரும் கழுவியாச்சு. இப்போது ஒரு நிமிடம் போதும், மேட்டில் இரண்டாம் கியரில் ஏறுகிறது. அக்காவின் மாமியார் இன்னும் முறைக்கிறார், அது வேறு கணக்கு.

ஒரே ஒரு பிரச்சினை. ஓடும்போது சைலன்சர் பக்கம் "கிர்ர்" என்று தகரம் அதிர்கிற மாதிரி ஒரு சத்தம். இது என்ன?

கொட்டகலை கராஜ்:

சைலன்சர் மேல் உள்ள சூட்டுத் தகட்டின் ஸ்க்ரூவாக இருக்கும். அதற்கு அடியில் வொஷர் இருக்கிறதா பாருங்க, பழசைக் கழற்றும்போது கடையிலேயே விட்டிருப்பார்கள். எஞ்சின் ஆறின பிறகு தொடுங்க.